பொட்டு நெருப்புக்கு ஒரு புகைபோக்கி

மக்கள் குடிக்கும் சாராயம் மக்களைக் கொன்றுவிடக் கூடாது என்பது எங்கள் மாநில அரசின் நெடுநாளைய கொள்கை. இதில் கட்சி வேறுபாடே கிடையாது. இந்தக் கொள்கையைச் செயலாக்கும் பொருட்டு, கருங்காட்டு மலைகளின் மடிப்பில் கிடக்கும் கிர்ஷ்டால் என்ற ஊரில், பழைய பள்ளிக்கூடக் கட்டடம் ஒன்றில் ஒரு கூட்டாளி ஆய்வுக்கூடம் இயங்கிவந்தது. கூட்டாளி என்ற சொல்லைப் பார்த்து யாரும் மிரண்டுவிட வேண்டாம். பெருமை வந்தால் அது தலைநகரிலுள்ள தலைமை ஆய்வுக்கூடத்துக்கு. பழி வந்தால் அது கிர்ஷ்டாலுக்கு. இந்த ஏற்பாட்டில் இரு தரப்புக்கும் நல்ல தெளிவு இருந்தது.

கிர்ஷ்டால் கூடத்தின் தலைவர், விஞ்ஞானி, உதவியாளர், பெருக்குகிறவர் எல்லாம் ஒரே ஆள்தான். ரோஸ்விதா வேர்லே. வேதியியல் படித்தவள். தலைநகரில் பாட்டில்களுக்கு எண் ஒட்டும் பிரிவில் சில வருஷம் உட்கார்ந்து மூச்சு முட்டிப்போய், கெஞ்சிக் கூத்தாடி சொந்தப் பள்ளத்தாக்குக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்தவள். அந்தப் பிரிவை நினைத்தால் இன்றும் அவளுக்கு நாக்கில் பசை ருசி தட்டும்.

அந்தக் கோடையில் தலைமைக் கூடம் ஒரு முடிவெடுத்தது. கிர்ஷ்டாலுக்குப் புதிய கருவி அனுப்பப்படும். செர்ரிச் சாராயம் காய்ச்சும் பருவம் முடிவதற்குள் அது முறைப்படி இயங்கத் தொடங்க வேண்டும். தொடங்காவிட்டால் கூடத்துக்குப் பூட்டு. வேர்லே அம்மாள் எண் ஒட்டப் போவார்.

கருவியின் பெயர் கேஸ் குரோமடோகிராஃப். பெயர்தான் வாய்க்குள் நுழையாதே தவிர, செய்கிற வேலை யோக்கியமான வேலை. ஊசியால் ஒரு சொட்டுச் சாராயத்தை ஏற்றினால் அது ஆவியாகி, சூட்டுப்பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும் தலைமுடி போன்ற குழாய் வழியாக ஓடும். போதை தருகிற சரக்கு ஒரு வேகத்தில் ஓடும், கண்ணைக் குருடாக்குகிற மெத்தனால் வேறு வேகத்தில் ஓடும். குழாயின் கடைசியில் ஹைட்ரஜனில் எரியும் ஒரு பொட்டு நெருப்பு. வந்து சேர்கிற ஒவ்வொன்றையும் எரித்துப் பார்த்து, திரையில் குன்று குன்றாகக் கோடு கிழித்துக் காட்டிவிடும். அந்த நெருப்பு அரிசிமணி அளவுதான். கண்ணுக்கே தெரியாது. எரிகிறதா இல்லையா என்று அறிய, மேலே ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்து, ஆவி படிகிறதா என்று பார்க்க வேண்டும்.

கம்பெனி ஆள் வந்து, ரோஸ்விதாவும் கூட நின்று, கருவியைப் பொருத்தினார்கள். கண்ணாடியில் ஆவி படிந்தது. ரோஸ்விதாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கருவியின் மேல்தட்டைக் குழந்தை முதுகைத் தட்டுவதுபோலத் தட்டிக்கொடுத்தாள். மறுநாள் காலை தொலைபேசி அடித்தது. பேசியவர் டாக்டர் எங்கெல்ஹார்ட், தலைமைக் கூடத்தின் கூட்டாண்மை ஒருங்கிணைப்பாளர்.

"வேர்லே அம்மா, கருவி வந்துடுச்சா?"

"வந்துடுச்சு டாக்டர். பொருத்தியாச்சு. அருமையா ஓடுது."

"ஓடுதா? யாரைக் கேட்டு ஓடுது?"

"நீங்கதானே டாக்டர் சீக்கிரம் ஓட விடுங்கன்னீங்க?"

"முறைப்படி ஓட விடுங்கன்னேன். கட்டடப் பிரிவு ஒரு கேள்வி கேக்குது. பேர்லயே கேஸ்னு இருக்கே, அதனால. கேஸ் சாதனம்னா ரெண்டே வகைதான். நெருப்பு உள்ளது, நெருப்பு இல்லாதது. உங்களோடது எது?"

இந்த இடத்தில் ரோஸ்விதா வாழ்க்கையிலேயே பெரிய தவறு ஒன்றைச் செய்தாள். உண்மையைச் சொன்னாள்.

"நெருப்பு இருக்கு டாக்டர். ஆனா இத்துனூண்டு."

"இத்துனூண்டுன்னு ஒரு வகை கிடையாதும்மா. நெருப்புள்ள கேஸ் சாதனம்னா அது அடுப்பு. அடுப்புன்னா புகைபோக்கி அதிகாரி சான்று வேணும். சான்று இல்லாம எரிச்சீங்கன்னா அது சட்டவிரோத நெருப்பு."

"டாக்டர், உங்க கட்டடத்துலேயே இதே கருவி மாடிக்கு மாடி இருக்கே?"

"இருக்கு. அதையெல்லாம் யாரும் நெருப்பு இருக்கான்னு கேக்கல, நாங்களும் சொல்லல. உங்களைக் கேட்டாங்க, நீங்க சொல்லிட்டீங்க. சொன்னதைச் சொல்லலைன்னு நான் எப்படிம்மா சொல்ல முடியும்?"

ரோஸ்விதா தொலைபேசியை வைத்தாள். பிறகு கருவியின் நெருப்பையும் அணைத்தாள்.

எங்கள் நாட்டில் போலீஸ்காரர் நுழைய முடியாத வீட்டுக்குள்ளும் புகைபோக்கி அதிகாரி நுழைவார். சமைக்கிற அடுப்பானாலும் வீட்டைச் சூடாக்குகிற அடுப்பானாலும், அது இருக்கிற இடத்துக்கு அவர் பிரஷோடு போய்ப் புகைபோக்கியைப் பெருக்கி, சோதித்து, சான்று தருவார். சட்டம் அப்படி. அதோடு, அவருடைய கறுப்புச் சட்டையின் தங்கப் பொத்தானைத் தொட்டால் அதிர்ஷ்டம் என்ற நம்பிக்கை வேறு. கிர்ஷ்டால் வட்டாரத்தின் அதிகாரி ஓட்மார் டோல்ட். ரோஸ்விதாவோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவன். அவனிடம் ஒரு வழக்கம் உண்டு. உயரமான கறுப்புத் தொப்பி தலையில் இருந்தால் அவன் அரசாங்கம், எல்லாரையும் 'நீங்க' என்பான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டால் பழைய ஓட்மார்.

"காப்பி இருக்கா ரோஸ்விதா?" என்று தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டே வந்தான். ரோஸ்விதா காப்பி ஊற்றினாள், ஒரு துண்டு கேக்கும் வைத்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று அவன் பொத்தானையும் ஒரு தடவை தொட்டுக்கொண்டாள். அவன் வாயைத் துடைத்து, தொப்பியை மாட்டினான்.

"சரிங்க வேர்லே அம்மா. அடுப்பைக் காட்டுங்க."

ரோஸ்விதா நெருப்பைப் பற்றவைத்தாள். அவன் குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். மறு கண்ணை மூடியும் பார்த்தான்.

"எங்கங்க நெருப்பு?"

"இதோ பாரு, கண்ணாடில ஆவி படியுது."

"அப்ப நெருப்பு கண்ணுக்குத் தெரியல?"

"தெரியாது. அவ்வளவு சின்னது."

"கண்ணுக்குத் தெரியற நெருப்பையாவது தண்ணி ஊத்தி அணைக்கலாம். இது ரொம்ப ஆபத்துங்க. புகைபோக்கி கட்டாயம். கூரைக்கு மேல ஒரு ஆள் உயரம் நிக்கணும். அகலம், என் பிரஷ் நுழையற மாதிரி."

"ஓட்மார், நெருப்பு அரிசிமணி அளவு!"

"நெருப்பு எப்படி வேணா இருந்துட்டுப் போகட்டுங்க. பிரஷ் பெருசு."

ரோஸ்விதா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். ஓட்மாருக்கு மனசு கேட்கவில்லை. தொப்பியைக் கழற்றினான்.

"எனக்கே சிரிப்பா வருது ரோஸ்விதா. ஆனா தலைநகர்ல அடுப்புன்னு எழுதிட்டாங்க. நான் அடுப்பு இல்லைன்னு எழுதினா, ஒரு அடுப்பு காணாமப் போன மாதிரி ஆயிடும். அதைத் தேடச் சொல்லி என்னையேதான் அனுப்புவாங்க."

புகைபோக்கி கட்டப்பட்டது. ஊரே வந்து கை கொடுத்தது. கூடம் மூடிவிட்டால் சாராயப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு தலைநகருக்கு யார் ரயில் ஏறுவது? செர்ரித் தோட்டக்காரர் ஃபிரிடோலின் கெட்டரர் தன் சாணி வண்டியைக் கழுவி, அதில் செங்கல் ஏற்றிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடக் கூரையின் மேல், சர்ச் கோபுரத்துக்கு அடுத்தபடி உயரமாக, ஒரு புகைபோக்கி எழுந்து நின்றது. அதன் அடியிலிருந்து ஒரு தகரக் குழாய் கருவியின் தலை வரைக்கும் இறங்கியது.

இணைத்த அன்றே நெருப்பு அணைந்துவிட்டது. மலைக்காற்று வீசும்போதெல்லாம் புகைபோக்கி நன்றாக உறிஞ்சியது. அது உறிஞ்சிய உறிஞ்சலில் அரிசிமணி நெருப்பு எங்கே நிற்கும்? ரோஸ்விதா பற்றவைப்பாள், காற்று அணைக்கும், மறுபடி பற்றவைப்பாள். பருவம் முடிய அதிக நாள் இல்லை. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. ஓட்மார் தொப்பியை மேசைமேல் வைத்துவிட்டு யோசித்தான்.

"தகரக் குழாய்க்கும் கருவிக்கும் நடுவுல ரெண்டு விரல் இடைவெளி விட்டுடு."

"அப்ப அது இணைப்பே இல்லையே?"

"தொப்பி போட்டிருக்கும்போது நான் மேல பார்ப்பேன். கீழே குனிய முடியாது, தொப்பி விழுந்துடும்."

அப்படியே செய்தார்கள். நெருப்பு நின்றது. சான்று கிடைத்தது. கெட்டரருடைய செர்ரிச் சாராயத்தின் முதல் குன்று திரையில் எழுந்தபோது ரோஸ்விதா ஓட்மாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கூடம் பிழைத்தது. கதை இத்துடன் முடிந்திருந்தால் அது நிர்வாகத்துக்கு இழுக்கு.

சட்டப்படி புகைபோக்கியைப் பருவத்துக்கு ஒரு தடவை பெருக்கி, புகையை அளக்க வேண்டும். ஓட்மார் கூரைமேல் ஏறி பிரஷை இறக்கி இழுத்தான். பிரஷ் எப்படிப் போனதோ அப்படியே வந்தது. கரி இல்லை. அளவுக் கருவியை நீட்டினான். புகை இல்லை, நஞ்சு இல்லை, ஒன்றுமே இல்லை. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு அடுப்பை அவன் கண்டதில்லை. நேர்மையான அதிகாரி என்பதால் கண்டதைக் கண்டபடி எழுதினான்: 'எரிபொருள் ஹைட்ரஜன். மாசு சுத்தமாக இல்லை. வட்டாரத்திலேயே மிகத் தூய்மையான அடுப்பு.'

அந்த வருஷம் தலைநகரில், எண்ணெய்க்குப் பதிலாக எரிக்க ஹைட்ரஜன்தான் என்ற மோகம் தலைவிரித்து ஆடிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய வருஷம் மரத்தூள் உருண்டை, அதற்கும் முன்னால் பூமிச்சூடு. மரத்தூள் உருண்டைக்காகப் பேசியவர்கள் எல்லாம் இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. ஹைட்ரஜன் என்ற சொல் இல்லாமல் ஒரு திட்டமும் மேசையிலிருந்து நகராது. அப்பேர்ப்பட்ட நேரத்தில், மாநிலத்தின் ஒரு மூலையில் ஹைட்ரஜன் அடுப்பு ஒன்று ஏற்கெனவே எரிந்துகொண்டிருப்பதாகச் செய்தி போய்ச் சேர்ந்தால் சும்மா இருப்பார்களா?

எரிசக்தி மாற்றத் துறையின் இயக்குநர் அம்மையார் நேரிலேயே வந்தார். ஊர் எல்லை வரை காரில் வந்து, காரின் மேல் கட்டியிருந்த சைக்கிளை இறக்கி, மீதித் தூரத்தைச் சைக்கிளில் வந்தார். பின்னாலேயே டாக்டர் எங்கெல்ஹார்ட் மூச்சிரைக்க ஓடி வந்தார். சைக்கிள் ஒன்றுதான் இருந்தது.

"இதுதானா?" என்று அம்மையார் தலைக்கவசத்தைக் கழற்றாமலே கேட்டார். "எவ்வளவு சிறியதா இருக்கு! உள்ள எத்தனை டிகிரி வரைக்கும் போகும்?"

"சூட்டுப்பெட்டி இருநூத்தைம்பது வரைக்கும் போகும்" என்றாள் ரோஸ்விதா.

"இருநூத்தைம்பதா! எங்க வீட்டு அறை இருபதைத் தாண்ட மாட்டேங்குது. டாக்டர், கேட்டீங்களா?"

"கூட்டாண்மையின் பலன் அம்மா. ஆரம்பத்திலிருந்தே இதை ஒரு அடுப்பாத்தான் நாங்க கருதினோம்" என்றார் எங்கெல்ஹார்ட்.

"இந்தக் கட்டடத்துல வேற என்ன வெப்பமூட்டி இருக்கு?"

"கீழே எண்ணெய்க் கொதிகலன் ஒண்ணு" என்றாள் ரோஸ்விதா.

"இருநூத்தைம்பது டிகிரி இங்க இருக்க, எண்ணெய் எதுக்கு? ஒரே கட்டடத்துல ரெண்டு அடுப்பு வீண் செலவில்லையா?"

ரோஸ்விதா வாயைத் திறந்தாள். அம்மா, இது அறையைச் சூடாக்காது, உள்ளங்கையைக்கூடச் சூடாக்காது, இது அடுப்பே இல்லை என்று சொல்ல வேண்டும். ஆனால் அடுப்பு இல்லையென்றால் அடுப்புச் சான்று செல்லாது. சான்று செல்லாவிட்டால் கருவி சட்டவிரோதம். கருவி சட்டவிரோதமானால் கூடத்துக்குப் பூட்டு. நாக்கில் பசை ருசி தட்டியது. உண்மை சொல்லி ஒரு தடவை பட்டதே போதும் என்று வாயை மூடிக்கொண்டாள். அம்மையார் அந்த மௌனத்தை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு பாராட்டிவிட்டுப் போனார்.

முதல் பனி விழுவதற்குள் கொதிகலனைக் கழற்றி லாரியில் ஏற்றிவிட்டார்கள். ஊர்க்காரர்கள் நின்று கைதட்டினார்கள். எங்கள் ஊரில் புதுமை என்று யார் எதைச் செய்தாலும் கைதட்டிவிடுவோம். பிறகுதான் அது என்ன என்று கேட்போம்.

ரோஸ்விதா ஓவர்கோட்டு, கம்பளிச் சால்வை, விரல் வெட்டிய கையுறையோடு வேலை பார்த்தாள். காலையில் காப்பிக் கோப்பையில் மெல்லிய ஏடு படிந்திருந்தது. பாலேடு என்று நினைத்தால் அது பனிக்கட்டி. ஒருநாள் கெட்டரர் ஒரு பாட்டிலோடு வந்தார். ஊசி ஏற்றினாள், சூட்டுப்பெட்டி சூடேறியது, குன்றுகள் எழுந்தன. ஓட்டம் முடிந்ததும், அடுத்த சொட்டுக்காகக் குளிர்ந்தாக வேண்டுமே, கருவியின் முதுகுப்பக்கக் கதவு தானாகத் திறந்து சூடான காற்றைப் புஸ்ஸென்று வெளியே தள்ளியது. கெட்டரர் அந்தப் பக்கம்தான் நின்றுகொண்டிருந்தார்.

"அடேயப்பா!" என்று கண்ணை மூடினார். "சொர்க்கம்! ரோஸ்விதா, இன்னொரு தடவை போடேன்."

"இன்னொரு தடவை போடணும்னா சோதிக்க இன்னொரு சாராய மாதிரி வேணும். மாதிரி இல்லாதவங்க உள்ளே நிக்கக்கூடாதுன்னு விதி."

மறுநாள் கெட்டரர் மனைவியோடும் இரண்டு பாட்டிலோடும் வந்தார். அதற்கு மறுநாள் பக்கத்துத் தோட்டக்காரர்கள் வந்தார்கள். விறகு மிச்சம் பிடிக்கலாம் என்று ஊரில் பேச்சு பரவிவிட்டது. செர்ரிச் சாராயம், பிளம் சாராயம், பேரிக்காய்ச் சாராயம் எல்லாம் தீர்ந்ததும் ஆப்பிள் சாறு வந்தது, வினிகர் வந்தது, பாதிரியார் ஆராதனைத் திராட்சை ரசத்தைக் கொண்டுவந்து கருவியின் முதுகில் கை காய்ந்தார். எல்லாரும் முதுகுப்பக்கமே நின்றார்கள். திரையைப் பார்க்க முன்பக்கம் ஒருவரும் வரவில்லை.

"கெட்டரர், இங்க பாருங்க. இந்தப் பாட்டில்ல மெத்தனால் அளவுக்கு மேல நிக்குது. குடிச்சுடாதீங்க!" என்றாள் ரோஸ்விதா ஒருநாள்.

"யாரு குடிக்கப்போறா? அதைச் சூட்டுக்குன்னே எடுத்து வெச்சிருக்கேன். கதவு திறக்கப்போகுது, கொஞ்சம் தள்ளி நில்லும்மா."

வருஷக் கணக்கை முடித்துப் பார்த்தபோது, மாநிலத்திலேயே அதிக மாதிரிகளைச் சோதித்த கூட்டாளி ஆய்வுக்கூடம் கிர்ஷ்டால் என்று தெரியவந்தது. எண்ணெய் ஒரு சொட்டு எரிக்காமலே இந்தச் சாதனை. வெப்பச் செலவு குறையக் குறைய விஞ்ஞானம் வளர்கிறது என்று அமைச்சகம் கண்டுபிடித்தது. ரோஸ்விதாவுக்குப் பூங்கொத்து கொடுத்தார்கள். ஓட்மாருக்கு, மாநிலம் முழுவதற்குமான கேஸ் குரோமடோகிராஃப் பராமரிப்புத் தலைமை அதிகாரி என்ற பதவி கிடைத்தது. கருவிக்குள் தலைமுடி கனத்தில் ஒரு குழாய் இருப்பதை அறிந்ததும், அதற்கேற்ற பிரஷ் வாங்க டெண்டர் விடப்பட்டது.

பதவி ஏற்றபின் ஓட்மார் ஒரு முறை வந்தான். காப்பி குடித்தான், பொத்தானைத் தொடக் கொடுத்தான்.

"வேர்லே அம்மா, குழாயெல்லாம் நல்லா இருக்குங்களா?"

"தொப்பியைக் கழட்டிட்டுப் பேசு ஓட்மார். எனக்கு உன்கிட்ட மனசு விட்டு அழணும்."

"கழட்டலாங்க." அவன் சுற்றுமுற்றும் பார்த்தான், தோளைக் குறுக்கினான். "ஆனா குளிருதுங்க."

அவன் தொப்பியோடே போனான். அதுதான் ரோஸ்விதாவுக்கு எல்லாவற்றையும்விட வலித்தது.

அதே வாரம் தொலைபேசி அடித்தது. டாக்டர் எங்கெல்ஹார்டின் குரல் நடுங்கியது. கோபத்தால் அல்ல என்பது இரண்டு வார்த்தைக்குள் தெரிந்தது, பற்கள் தந்தியடித்தன.

"வேர்லே அம்மா, கிர்ஷ்டால் முன்மாதிரித் திட்டம் இங்கயும் வந்துடுச்சு. எங்க கொதிகலனை எல்லாம் போன திங்கட்கிழமை கழட்டிட்டாங்க."

"உங்களோடதெல்லாம் அடுப்பு இல்லையே, பகுப்பாய்வுச் சாதனம்தானே டாக்டர்?"

"நெருப்பு இருக்கான்னு கேட்டாங்கம்மா. இல்லைன்னு சொன்னா இத்தனை வருஷம் எப்படி ஓட்டினீங்கன்னு கேப்பாங்க. இருக்குன்னுட்டேன். அதை விடுங்க. ஒரு அறை சூடாகணும்னா எத்தனை மாதிரி ஓட்டணும்?"

"நிறுத்தவே கூடாது டாக்டர். அவ்வளவு மாதிரிக்கு எங்க போறீங்க?"

"தண்ணிதான்."

"தண்ணியா? தண்ணி போட்டா அந்த நெருப்புக்கு ஒண்ணும் தெரியாதே! திரையில ஒரு மேடு பள்ளம் வராதே!"

"வரலை. நேர்கோடு. எல்லா மாடியிலயும் நேர்கோடு. இந்த மாநிலத்துல சாராயம் இவ்வளவு சுத்தமா இருந்ததே இல்லைன்னு அமைச்சர் மேடையில பேசியிருக்கார். மக்கள் சந்தோஷமா குடிக்கிறாங்க."

ரோஸ்விதாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. இத்தனை மாசக் குளிரும் அந்தச் சிரிப்பில் வெளியே வந்தது. "டாக்டர், அடுத்தடுத்துத் தண்ணியா போட்டா குழாய் பாழாயிடும். ஒரு விஞ்ஞானி செய்யற வேலையா இது?"

பின்னால் கருவியின் கதவு திறந்து சூடான காற்று புஸ்ஸென்று அவள் முதுகில் அடித்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, ஊரில் ஒருவரும் பாட்டிலோடு வரவில்லை. ரோஸ்விதா கண்ணை மூடி அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டாள். பிறகு தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, ஊசியை எடுத்து, குழாயடியில் பிடித்து வைத்திருந்த தண்ணீர் டம்ளருக்குள் மறுபடியும் விட்டாள்.